வீட்டுக்குப் பக்கத்து ரிசர்வில் மவுண்டன் பைக் தடம்: சிட்னியில் கவுன்சில் அனுமதி வாங்கும் வழி

2020 ஊரடங்கின்போது என் மகனுக்கு 13 வயது. பள்ளி இல்லை, மைதானங்களுக்குப் பூட்டு. தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் சேர்ந்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கவுன்சில் ரிசர்வில், அதாவது உள்ளாட்சி மன்றம் பார்த்துக்கொள்ளும் பொதுக் காட்டு நிலத்தில், மவுண்டன் பைக் ஓட்டத் தொடங்கினார்கள். ஓட்டுவதோடு நிற்கவில்லை. மண்ணை வெட்டி மேடு கட்டினார்கள், பலகை அடித்துத் தாவுவதற்கு இடம் செய்தார்கள். சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் கவுன்சில் ஆட்கள் வந்து எல்லாவற்றையும் இடித்துச் சமன்படுத்திவிட்டார்கள். மரத்துக்கு மரம் ஆரஞ்சு நாடா, நடுவில் எச்சரிக்கைப் பலகை. பிள்ளைகள் அழுதார்கள்.

அன்றிலிருந்து அதே ரிசர்வின் ஓரத்தில் கவுன்சிலே ஒரு தடத்தைத் திறந்துவைக்க மூன்றரை ஆண்டுகள் ஆயின. அதில் முதல் ஆண்டு முழுவதும் வீண். "ஏன் இடித்தீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். "இந்த நிலத்தில் தடம் போட வேண்டுமென்றால் எந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும்?" என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஓராண்டு உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கும், கவுன்சில் பொறுப்பில் உள்ள ரிசர்வுகளுக்கும் பொருந்தும். மற்ற மாநிலங்களில் சட்டம் வேறு. தேசியப் பூங்கா என்றால் கவுன்சிலிடம் கேட்டுப் பயனில்லை, அது தேசியப் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறையின் கையில் இருக்கிறது.

1. வெட்டுவதை நிறுத்துங்கள், படம் எடுத்து வையுங்கள்

பேச்சுவார்த்தை நடக்கும்போது யாராவது ஒரு பையன் புதிதாக ஒரு மேடு கட்டினாலும் போதும், ஆறு மாத உழைப்பு போய்விடும். எங்களுக்கு இரண்டு முறை அப்படி ஆனது. அதனால் முதல் வேலை, பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேசுவது.

இருக்கிற தடங்களை அழிக்கவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். போனில் ஜிபிஎஸ் போட்டு நடந்துபோய் ஒவ்வொரு தடத்தையும் பதிவு செய்யுங்கள். மழை பெய்த மறுநாள் போய் எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே மண் அரிக்கிறது என்று படம் எடுங்கள். வார நாள், வார இறுதி என்று பிரித்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் ஓட்டுகிறார்கள், எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை பேர் நாயோடு வருகிறார்கள் என்று எண்ணிக் குறித்து வையுங்கள். இந்த எண்ணிக்கை உங்களிடம் மட்டும்தான் இருக்கும். கவுன்சில் அதிகாரிகள் மிகவும் மதிக்கும் தகவலும் இதுதான். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்கள் மட்டும் வேண்டாம்.

2. நிலம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

பார்த்தால் ஒரே காடாகத்தான் தெரியும். காகிதத்தில் அது நான்கு துண்டாக இருக்கலாம். எங்கள் ரிசர்வில் ஒரு பகுதி கவுன்சிலின் சொந்த நிலம், இன்னொன்று கவுன்சில் நிர்வகிக்கும் அரசு நிலம், நடுவில் தண்ணீர்க் குழாய் போகும் பட்டை ஒன்று. பிள்ளைகள் கட்டிய மிகப் பெரிய மேடு அந்தக் குழாய்ப் பட்டையின் மேல்தான் இருந்தது. அது எங்களுக்குத் தெரியவந்தபோது ஒன்பது மாதங்கள் ஓடியிருந்தன.

மாநில அரசின் சிக்ஸ் மேப்ஸ் வரைபடத்தில், கட்டணம் இல்லாமல், ஒவ்வொரு துண்டின் லாட் எண்ணையும் (மனை எண்) டிபி எண்ணையும் (பதிவான நில அளவைப் படத்தின் எண்) பார்க்கலாம். பிறகு மாநில அரசின் பிளானிங் போர்ட்டல் இணையதளத்தில் அந்த நிலத்தின் மண்டலக் குறியீட்டை, அதாவது நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு என்பதைக் காட்டும் குறியை, பாருங்கள். ஆர்ஈ1 என்றால் பொதுப் பொழுதுபோக்கு. சி2 என்றால் சுற்றுச்சூழல் பாதுகாப்பு, அங்கே கதவு மிகக் குறுகலானது. 2021 டிசம்பருக்கு முந்தைய ஆவணங்களில் இதே சி2 என்பது ஈ2 என்று இருக்கும், குழம்ப வேண்டாம்.

தன் வசமுள்ள எல்லா நிலங்களுக்கும் கவுன்சில் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதிவேட்டைக் கேளுங்கள். அரசு நிலம் என்றால், எந்த நோக்கத்துக்காக ஒதுக்கப்பட்டது என்று அதில் இருக்கும். "பொதுப் பொழுதுபோக்கு" என்று இருந்தால் நல்லது. பூர்வகுடி நில உரிமைச் சட்டப்படி அந்த நிலத்தின்மேல் இன்னும் முடிவாகாத கோரிக்கை இருக்கிறதா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். இருந்தால் வேறு துண்டைப் பார்ப்பதுதான் சரி. அது அவர்களுக்குச் சட்டம் கொடுத்த உரிமை, அதைச் சுற்றி வழி தேடக் கூடாது.

3. மேலாண்மைத் திட்டத்தை வரி வரியாகப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

1993ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி, பொதுமக்கள் நிலம் என்று வகைப்படுத்தப்பட்ட ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மேலாண்மைத் திட்டம் இருக்க வேண்டும். 2018 ஜூலையிலிருந்து கவுன்சில் பார்த்துக்கொள்ளும் அரசு ரிசர்வுகளும் பெரும்பாலும் இந்த முறைக்குள் வந்துவிட்டன. நிலம் என்ன வகை, அங்கே எதற்கு அனுமதி உண்டு என்பதெல்லாம் அந்தத் திட்டத்தில்தான் இருக்கும். "பூங்கா" அல்லது "விளையாட்டு மைதானம்" என்று வகைப்படுத்தியிருந்தால் வேலை சுலபம். "இயற்கைப் பகுதி, புதர்க்காடு" என்றால், மக்கள் உள்ளே வரலாம், ஆனால் காட்டுக்கு ஏற்படும் தொந்தரவு குறைவாக இருக்கும்படி வர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் கோரிக்கை அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்வதாக அமைய வேண்டும்.

திட்டத்தில் சைக்கிளுக்கு இடமில்லை என்றால், எத்தனை ஆயிரம் கையெழுத்து வாங்கினாலும் அதிகாரியால் சரி என்று சொல்ல முடியாது. முதலில் திட்டத்தைத் திருத்த வேண்டும். எங்கள் திட்டத்தில் "தீயணைப்புப் பாதைகளில் மட்டும் சைக்கிள்" என்று ஒரே ஒரு வரி இருந்தது. 1,100 கையெழுத்தோடு நாங்கள் கொடுத்த மனு அந்த ஒரு வரியைத் தாண்ட முடியாமல் நின்றது.

திட்டத்தை எப்போது திருத்தப்போகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வரைவு வெளிவந்தால் குறைந்தது 28 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். வெளிவந்த நாளிலிருந்து குறைந்தது 42 நாட்கள் கருத்து அனுப்ப அவகாசம் உண்டு. நிலத்தின் வகையை மாற்றுவதாக இருந்தால் பொது விசாரணையும் நடத்த வேண்டும். அதற்குத் தலைமை தாங்குபவர் கவுன்சிலராகவோ கவுன்சில் ஊழியராகவோ இருக்கக் கூடாது. இந்த நாட்களைத் தவறவிட்டால் அடுத்த திருத்தத்துக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரலாம். அதனால் கவுன்சிலின் கருத்துக்கேட்புப் பக்கத்தில் மின்னஞ்சலைப் பதிந்து வையுங்கள்.

பழைய அறிக்கைகள், தாவர ஆய்வுகள் போன்றவற்றை முதலில் சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள், பல சமயம் இலவசமாகவே கொடுத்துவிடுவார்கள். கிடைக்காவிட்டால் ஜிப்பா எனப்படும் அரசுத் தகவல் சட்டப்படி முறையான விண்ணப்பம் போடுங்கள். கட்டணம் 30 டாலர், 20 வேலை நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். சில காரணங்களுக்காக அந்தக் கெடுவை நீட்டிக்க இடமுண்டு. கேள்வியைக் குறுக்கிக் கேளுங்கள். "ரிசர்வ் தொடர்பான எல்லாக் கடிதங்களும்" என்று கேட்டால் தேடும் நேரத்துக்கும் மணிக் கணக்கில் காசு கேட்பார்கள்.

4. எதிர்ப்பவர்களிடம் முதலில் போங்கள்

ரிசர்வுக்கு ஏற்கெனவே உழைக்கும் ஆட்கள் இருப்பார்கள். புஷ்கேர் என்ற பெயரில், கவுன்சில் மேற்பார்வையில், களை பிடுங்கி உள்ளூர்ச் செடிகளை மீட்கும் தன்னார்வலர்கள். எங்கள் தடத்தைக் கடுமையாக எதிர்த்துக் கடிதம் எழுதியவர்கள் அவர்கள்தான். ஓராண்டு அவர்களை எதிரியாகவே நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை நானும் மகனும் அவர்களுடைய களை பிடுங்கும் வேலைக்குப் போனோம். முதலில் கையில் கொடுத்தது லாண்டானாவை வெட்டும் வேலை. நம் ஊர் உண்ணிச்செடிதான். அதே முள், அதே வாடை, இங்கேயும் காட்டைத் தின்றுகொண்டிருக்கிறது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி என் மகனைக் கைப்பிடித்து அழைத்துப் போய் டர்பன்டைன் என்ற உள்ளூர் மரம் ஒன்றின் அடியில் நிறுத்தினார். பிள்ளைகள் மண் எடுத்த குழியில் அதன் வேர் வெட்டுப்பட்டு, வெட்டிய முனை கறுத்துக் காய்ந்திருந்தது. இரண்டு முழம் தள்ளி, விரல் நீளத்தில் அதே மரத்தின் கன்று ஒன்று. "இந்த ஒன்று வருவதற்குப் பதினோரு வருடம் காத்திருந்தேன்" என்றார். மகன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் அவனே என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனான்.

சிட்னி டர்பன்டைன் அயர்ன்பார்க் காடு, ப்ளூ கம் ஹை ஃபாரஸ்ட், கம்பர்லேண்ட் சமவெளிக் காடு ஆகிய மூன்றும் அழிவின் விளிம்பில் இருப்பதாகச் சட்டப் பட்டியலில் உள்ளவை. சிட்னிப் புறநகர்களில் இவற்றின் மிச்சங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறு ரிசர்வுகளில்தான் கிடக்கின்றன. உங்கள் ரிசர்வில் எந்தப் பகுதி அப்படிப்பட்டது என்பது புஷ்கேர் ஆட்களுக்கு அதிகாரிகளைவிட நன்றாகத் தெரியும். வரைபடத்தை விரித்து, "எந்த இடத்துக்கு வரவே கூடாது?" என்று கேளுங்கள். அந்தப் பாட்டி பென்சிலால் வட்டம் போட்டார். அந்த வட்டத்துக்குள் இருந்த மூன்று திருட்டுத் தடங்களை நாங்களே மூடுவதாகச் சொன்னோம். கவுன்சில் அனுமதியோடு மூடினோம், கிளைகளைப் போட்டோம், செடி நட்டோம். அடுத்த கூட்டத்தில் அவர்கள் எங்களை ஆதரிக்கவில்லை, ஆனால் எதிர்க்கவும் இல்லை. அது போதுமானதாக இருந்தது.

நடைப்பயிற்சிக்கு வருபவர்களையும் பாருங்கள். அவர்களுடைய பயமெல்லாம் வளைவில் வேகமாக வந்து மோதிவிடுவார்களோ என்பது. நடைபாதையும் சைக்கிள் தடமும் தனித்தனி என்று வரைபடத்தில் காட்டினால் பாதிப் பயம் போய்விடும்.

5. சங்கமாகப் பதிவு செய்யுங்கள்

"அக்கறையுள்ள பெற்றோர்" என்ற பெயரில் கடிதம் எழுதலாம். ஆனால் ஒப்பந்தம், மானியம், காப்பீடு ஆகிய மூன்றுக்கும் சட்டப்படியான அமைப்பு தேவை. சங்கங்களைப் பதிவு செய்யும் மாநில அரசு அமைப்பான நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங்கில் பதிவு செய்யத் தேவையானவை:

குறைந்தது 5 உறுப்பினர்கள். 18 வயதுக்கு மேற்பட்ட மூவராவது கொண்ட குழு. மாநிலத்தில் வசிக்கும் ஒரு பப்ளிக் ஆபீசர் (சங்கத்தின் அதிகாரபூர்வத் தொடர்பாளர்). சங்கத்தின் விதிகள் (அவர்கள் தரும் மாதிரி விதிகளையே எடுத்துக்கொள்ளலாம், வழக்கறிஞர் வேண்டாம்). ஏபிஎன் எனப்படும் ஆஸ்திரேலிய வணிக எண்ணுக்குக் கட்டணம் இல்லை. பதிவுக் கட்டணம் மாறிக்கொண்டிருப்பதால் விண்ணப்பிக்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவான 18 மாதங்களுக்குள் முதல் பொதுக்குழு கூட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பொறுப்புக் காப்பீடு பெரிய செலவாகத் தெரியும். கவுன்சில்கள் வழக்கமாக 2 கோடி டாலர் காப்பீடு கேட்கின்றன. தனியாக வாங்குவதைவிட, நாட்டின் சைக்கிள் விளையாட்டு அமைப்பான ஆஸ்சைக்கிளிங்கில் கிளப்பாக இணைந்தால் அதன் காப்பீட்டுக்குள் வரலாம். தடம் வெட்டும் வேலை அதில் அடங்குமா என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் ஏற்கெனவே ஒரு மவுண்டன் பைக் கிளப் இருந்தால் அதன் கிளையாகச் சேருவது இன்னும் நல்லது, ஆறு மாதம் மிச்சம்.

பிள்ளைகளோடு வேலை செய்யும் பெரியவர்கள் வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக் எனப்படும் பின்னணிச் சரிபார்ப்பை எடுத்து வையுங்கள். தன்னார்வலர்களுக்கு இலவசம், 5 ஆண்டுகள் செல்லும்.

6. இரண்டே பக்கத்தில் கோரிக்கை

எங்கள் முதல் கோரிக்கை 34 பக்கம். யாரும் படிக்கவில்லை. இரண்டாவது இரண்டு பக்கம், ஒரு வரைபடம். அதில் இருந்தவை: எந்த லாட், எத்தனை மீட்டர், என்ன கடினநிலை, மேலாண்மைத் திட்டத்தின் எந்தப் பத்தியை மாற்ற வேண்டும், பதிலுக்கு எந்தத் தடங்களை மூடுவோம், ஆண்டுக்கு எத்தனை நாள் பராமரிப்புக்கு வருவோம்.

கடினநிலைக்கு உலகம் முழுவதும் தெரிந்த குறிகளையே பயன்படுத்துங்கள்: பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். புதிய இடத்தில் பச்சையும் நீலமும் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். பிள்ளைகள் தாவுவதற்கு மேடு கேட்பார்கள். அதைக் காட்டுக்கு வெளியே, ஏற்கெனவே புல்வெளியாக உள்ள இடத்தில் தனியாகக் கேளுங்கள். அவர்களுக்குத் தாவ ஒரு இடமும் கொடுக்காமல் நடுத்தரத் தடம் மட்டும் போட்டால், ஒரு மாதத்தில் திரும்பவும் காட்டுக்குள் மண்வெட்டி போகும்.

மண்ணைப் பற்றி நீங்களும் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் தடத்தின் சாய்வு போகக் கூடாது. சரிவு 16 சதவீதம் என்றால் தடம் 8 சதவீதத்துக்குள். மொத்தத்தில் சராசரி 10 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும். தடத்தின் வெளி விளிம்பு லேசாகக் கீழே சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் குறுக்கே வழிந்து போகும். இடையிடையே சிறு ஏற்றம் வைத்தால் தண்ணீர் தடத்தின் வழியே ஓடாது. பிள்ளைகள் வெட்டியது நேர் கீழே இறங்கும் தடம். ஒரே மழையில் வாய்க்காலாகிவிட்டது. அந்த வாய்க்காலின் படத்தையும் சரியான வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோதுதான் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

7. கருத்துக் கடிதமும் கவுன்சில் கூட்டமும்

ஒரே மாதிரிக் கடிதத்தை 200 பேர் அனுப்பினால் அதை ஒரே கடிதமாகச் சுருக்கி எழுதிவிடும் வாய்ப்பு உண்டு. 40 பேர் சொந்தமாக நான்கு வரி எழுதட்டும்: எந்தப் பகுதியில் வசிக்கிறேன், ரிசர்வுக்கு எத்தனை முறை வருகிறேன், வரைவின் எந்தப் பத்தியை ஆதரிக்கிறேன், ஏன். இந்தக் கடிதங்கள் பொதுவில் வெளியாகலாம் என்பதால் பிள்ளைகளின் பெயரையும் பள்ளியையும் எழுத வேண்டாம்.

நம் ஆட்கள் இந்த இடத்தில்தான் பின்வாங்குகிறார்கள். "என் இங்கிலீஷ் சரியில்லை, எதுக்கு வம்பு" என்பார்கள். குடியுரிமை இருக்க வேண்டும் என்றுகூடச் சிலர் நினைக்கிறார்கள். தேவையில்லை, யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். கவுன்சிலோடு போனில் பேசத் தயக்கம் இருந்தால் 131 450 என்ற எண்ணில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். என் மாமியார் அப்படிப் பேசித்தான் தன் கருத்தைப் பதிந்தார்.

கூட்டத்தில் பேச முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். கெடு ஒவ்வொரு கவுன்சிலிலும் வேறு. கிடைப்பது சில நிமிடங்கள்தான். ஒரு பெரியவர் ஆவணத்தைப் பற்றிப் பேசட்டும், ஒரு பிள்ளை தான் மூடிய தடத்தைப் பற்றிப் பேசட்டும். கூட்டத்துக்கு முன்பே உங்கள் வார்டு கவுன்சிலர்களைத் தனித்தனியே ரிசர்வுக்கு அழைத்து நடக்க வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் காட்டைப் பற்றிப் பேசுவது கடினம்.

8. சுற்றுச்சூழல், பூர்வகுடி மரபு

கவுன்சில் தன் நிலத்தில் தானே தடம் போடும்போது பல இடங்களில் வழக்கமான கட்டுமான விண்ணப்பம் தேவைப்படாது. பதிலாக 1979ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டத்தின் ஐந்தாம் பகுதிப்படி ஆர்ஈஎஃப் எனப்படும் சுற்றுச்சூழல் ஆய்வு செய்யப்படும். இதற்கு நிபுணர்கள் வேண்டும். செலவு ஆயிரங்களில் தொடங்கிப் பத்தாயிரங்களுக்குப் போகலாம். சில தாவரங்களைப் பூக்கும் பருவத்தில்தான் அடையாளம் காண முடியும் என்பதால், தவறான மாதத்தில் ஆரம்பித்தால் ஓராண்டு தள்ளிப் போகும்.

ஏஹிம்ஸ் என்ற அரசுப் பதிவேட்டில் பூர்வகுடி மரபிடங்கள் பதிவாகியிருக்கின்றனவா என்று அடிப்படைத் தேடலை நீங்களே இலவசமாகச் செய்யலாம். ஆனால் பதிவில் இல்லை என்பதால் நிலத்தில் இல்லை என்று ஆகாது. சிட்னி மணற்கல்லில் செதுக்கல்களும் கோடரி தீட்டிய பள்ளங்களும் இலைச்சருகுக்கு அடியில் கிடக்கும். உள்ளூர் பூர்வகுடி நில மன்றத்தை ஆரம்பத்திலேயே அணுகும்படி கவுன்சிலைக் கேளுங்கள். பகுதிக்குப் பகுதி மன்றம் வேறு: பிளாக்டவுன், பென்ரித் பக்கம் டீரபின், லிவர்பூல் பக்கம் கண்டங்காரா, வடக்குக் கடற்கரைப் பக்கம் மெட்ரோபாலிட்டன். வரைபடம் முடிவான பிறகு அழைப்பது மரியாதை இல்லை, வரைபடத்தையும் திரும்ப வரைய வேண்டிவரும்.

9. பணம் கேட்கும் மாதம்

கவுன்சிலின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. அடுத்த ஆண்டுச் செயல்திட்டமும் வரவுசெலவும் குறைந்தது 28 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வந்து, ஜூன் முடிவதற்குள் நிறைவேற வேண்டும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் கடிதங்கள் போக வேண்டும். அதற்கும் முன்னால், நவம்பர், டிசம்பரிலேயே அதிகாரியிடம் பேசி வரைவில் ஒரு வரி சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது. முழுத் தடத்துக்குக் கேட்காமல் முதலில் ஆய்வுக்கும் வடிவமைப்புக்கும் மட்டும் கேளுங்கள். அந்த ஆவணங்கள் கையில் இருந்தால் மாநில அரசின் மானியங்களுக்கு விண்ணப்பிக்கும்போது வலு அதிகம்.

தடம் கட்டுபவர்கள் மீட்டர் கணக்கில் விலை சொல்வார்கள். பாறை, பாலம், இயந்திரம் உள்ளே வர வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்து விலை மிகவும் மாறும். மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள். பராமரிப்புச் செலவை எழுதாத விலைப்புள்ளியை ஏற்க வேண்டாம்.

10. கட்டும்போதும் கட்டிய பிறகும்

தன்னார்வலர்கள் கவுன்சிலில் பதிந்து, பாதுகாப்புப் பயிற்சி முடித்த பிறகுதான் கருவியைத் தொட வேண்டும். நுழைவாயிலில் டயரையும் செருப்பையும் சுத்தம் செய்யும் இடம் கேட்டு வாங்குங்கள். ஃபைட்டாப்தோரா என்ற வேரழுகல் நோய் ஈர மண்ணோடு ஒட்டிப் பரவும், வந்துவிட்டால் மருந்தால் காட்டைக் காப்பாற்ற முடியாது.

தடத்தை யார், எப்போது, எதற்காக மூடலாம் என்பதைக் கவுன்சிலோடு எழுத்தில் முடிவு செய்யுங்கள். எங்கள் ஒப்பந்தப்படி, கனமழைக்குப் பிறகு தடம் காயும்வரை நுழைவாயிலில் சங்கிலி. அதைப் போடும் பொறுப்பு கிளப்புடையது. இந்த ஆண்டு அந்தச் சாவி என் மகனிடம் இருக்கிறது.